பில் ஹாரா

வில்லியம் ஃபிஸ்க் ஹாரா (செப்டம்பர் 2, 1911 - ஜூன் 30, 1978) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழிலதிபரும் பழைய தானுந்துகளின் சேகரிப்பாளரும் ஆவார். பில் ஹாரா என்று பரவலாக அறியப்பட்ட இவர், நெவாடா மாநிலத்தில் ஹாராஸ் என்னும் சூதாட்டக்கூட, தங்குவிடுதி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பொழுதுபோக்காக 1948 ஆம் ஆண்டில் இரண்டு பழைய கார்களை வாங்கத் தொடங்கிய இவரிடம், இறக்கும்போது ஏறத்தாழ 1,400 வண்டிகள் இருந்தன. உலகின் மிகப் பெரிய தானுந்துச் சேகரிப்புகளில் ஒன்றாக அது கருதப்பட்டது. ஒரு பழைய காரை மீளமைப்பது என்பது அதைப் பளபளப்பாக்குவது அன்று, சான்றுகளைக் கொண்டு அதன் உண்மையான வடிவத்தை நிறுவுவதே என்ற கொள்கையைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியவர் என்பதால் தானுந்து வரலாற்றில் இவர் நினைவுகூரப்படுகிறார். இவருடைய மறைவுக்குப் பின் சேகரிப்பின் பெரும்பகுதி ஏலத்தில் விற்கப்பட்டது. எஞ்சிய பகுதி ரீனோ நகரிலுள்ள தேசிய தானுந்து அருங்காட்சியகத்தின் அடிப்படையாக அமைந்தது.

பிறப்பும் இளமையும்

ஹாரா கலிபோர்னியா மாநிலத்தின் தெற்கு பாசடீனா நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஹாரா வழக்கறிஞர். உள்ளூர் அரசியலிலும் ஈடுபட்டவர். ஹாரா லாஸ் ஏஞ்சலசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயிலத் தொடங்கினார். 1929 இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சி குடும்பத்தின் வருவாயைப் பாதித்ததால் படிப்பை இடையிலேயே விட்டார். பட்டம் பெறாவிட்டாலும் இயந்திரங்கள் மீது அவருக்கு இருந்த ஆர்வம் வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

அக்காலத்தில் தந்தை வெனிஸ் கடற்கரையில் பிங்கோவை ஒத்த விளையாட்டுக் கூடம் ஒன்றை நடத்தி வந்தார். அக்கூடத்தை இளைஞர் ஹாரா 500 டாலருக்குத் தந்தையிடமிருந்து வாங்கி, இருக்கைகளையும் தோற்றத்தையும் மேம்படுத்தி இலாபகரமாக நடத்தினார். ஆயினும் கலிபோர்னியாவில் இத்தகைய விளையாட்டுகளின் சட்ட நிலை தெளிவற்றிருந்ததால், அதிகாரிகள் கூடத்தை அவ்வப்போது மூடச் செய்தனர். அண்டை மாநிலமான நெவாடா 1931 ஆம் ஆண்டிலேயே சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்திருந்தது. எனவே ஹாரா 1937 இல் ரீனோ நகருக்கு இடம்பெயர்ந்தார்.

தொழில்

ரீனோவில் ஹாரா திறந்த முதல் பிங்கோ கூடம் நெடுநாள் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டில் மீண்டும் முயன்று வெற்றி பெற்றார். 1946 இல் நகரின் முதன்மையான வெர்ஜினியா தெருவில் முழுமையான சூதாட்டக்கூடத்தைத் திறந்தார். 1955 இல் டாகோ ஏரியின் தென்கரையிலுள்ள ஸ்டேட்லைன் என்னும் ஊரில் ஒரு கூடத்தை வாங்கித் தொழிலை விரிவாக்கினார். கோடைக்காலத்தில் மட்டும் மக்கள் வந்து சென்ற அப்பகுதிக்கு, கலிபோர்னிய நகரங்களிலிருந்து பேருந்துகளை இயக்கி ஆண்டு முழுவதும் வாடிக்கையாளர்களை வரவழைத்தார். 1969 இல் ரீனோவிலும் 1973 இல் டாகோவிலும் உயர்ந்த தங்குவிடுதிகள் கட்டப்பட்டன. 1971 இல் நிறுவனத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 1973 இல் ஹாராஸ், நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் சூதாட்டக்கூட நிறுவனம் ஆனது.

தூய்மை, ஒழுங்கு, நுணுக்கம் ஆகியவற்றில் ஹாரா மிகவும் கண்டிப்பானவர். எரியாத மின்விளக்கு ஒன்றுகூட அவருடைய கூடங்களில் பொறுத்துக்கொள்ளப்படவில்லை. இதே இயல்பு பின்னர் அவருடைய தானுந்துச் சேகரிப்பிலும் வெளிப்பட்டது.

சேகரிப்பின் தொடக்கம்

1948 ஆம் ஆண்டில் ஹாரா ஒரு மாக்ஸ்வெல் காரையும் ஒரு ஃபோர்டு டி மாதிரிக் காரையும் வாங்கினார். இரண்டும் அவர் பிறந்த ஆண்டான 1911 ஐச் சேர்ந்தவையாக வாங்கப்பட்டவை. பழைய கார்களை மீளமைத்து ஓட்டிச் செல்வது அப்போது அமெரிக்காவில் வளர்ந்து வந்த பொழுதுபோக்கு ஆகும். இதற்கெனக் குதிரையில்லா வண்டிக் கழகம் என்னும் அமைப்பு 1937 இல் லாஸ் ஏஞ்சலசில் தொடங்கப்பட்டிருந்தது. உறுப்பினர்கள் தம் வண்டிகளில் கூட்டாகப் பயணம் செய்வதும், ஒருவர் வண்டியை மற்றவர் ஆராய்ந்து பார்ப்பதும் வழக்கம். ஹாராவும் இத்தகைய பயணங்களில் கலந்துகொண்டார்.

இரண்டாம் உலகப்போரின்போது நடந்த பழைய இரும்புத் திரட்டலில் ஏராளமான பழைய கார்கள் உருக்கப்பட்டிருந்தன. எஞ்சியவை பண்ணைக் கொட்டகைகளிலும் கிடங்குகளிலும் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றைச் செய்த நிறுவனங்களில் பல முன்பே மூடப்பட்டுவிட்டன. எனவே ஒரு வண்டியை வாங்கியவர், உதிரிப்பாகங்களுக்கும் சரியான விவரங்களுக்கும் தாமே அலைய வேண்டியிருந்தது. பணம் இருந்தால் வண்டியை வாங்கிவிடலாம், ஆனால் அது முதலில் எப்படி இருந்தது என்பதை வாங்க முடியாது என்பதே சேகரிப்பாளர்கள் எதிர்கொண்ட முதன்மையான சிக்கல்.

சேகரிப்பு விரைவாக வளர்ந்தது. ஃபோர்டு, ஃபிராங்கிளின், பாக்கார்டு போன்ற சில நிறுவனங்களின் வண்டிகளை ஆண்டு வரிசையில் இடைவெளியின்றிச் சேர்க்க ஹாரா முயன்றார். அரிதான விலையுயர்ந்த வண்டிகளுடன், சாதாரணக் குடும்பங்கள் பயன்படுத்திய செடான்களும் அவருடைய கூடங்களில் இடம்பெற இதுவே காரணம். 1962 இல், ரீனோவை அடுத்த ஸ்பார்க்ஸ் நகரில் சேகரிப்பு பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

மீளமைப்பு முறை

ஹாராவின் பணிமனையில் வேலை ஆவணத்திலிருந்து தொடங்கியது. வண்டி பிரிக்கப்படுவதற்கு முன் அதைப் பற்றிய விவரங்கள் திரட்டப்பட்டன. இதற்காக ஒரு நூலகம் உருவாக்கப்பட்டு, தயாரிப்பாளர்களின் விளம்பரத் துண்டேடுகள், பழுதுபார்ப்பு நூல்கள், உதிரிப்பாகப் பட்டியல்கள், வண்ண மாதிரிகள், ஒளிப்படங்கள் ஆகியவை பெருமளவில் சேர்க்கப்பட்டன. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் வண்டி எப்படி இருந்ததோ அப்படியே அது மீள வேண்டும் என்பது குறிக்கோள். எந்திர வேலை, தச்சு வேலை, தகட்டு வேலை, வண்ணப்பூச்சு, இருக்கை உறை ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொழிலாளர்கள் இருந்தனர். வண்டிகள் காட்சிக்கு மட்டும் அன்றி ஓடும் நிலையிலும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

இந்தக் கண்டிப்பின் தேவையை அமெரிக்கச் செடான் காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். செடான் என்பது நிலையான கூரையும் முன்பின் இருக்கை வரிசைகளும் கொண்ட மூடிய கார் ஆகும். 1919 இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றே மூடிய வகை. 1927 இல் அது 85 விழுக்காடாக உயர்ந்தது. இந்தக் குறுகிய காலத்தில் கார் கட்டும் முறைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறின. அதனால் மீளமைப்பவர் பின்வருவனவற்றில் எளிதில் தவறு செய்யக்கூடும்:

* உடற்பகுதி: அக்காலச் செடான்கள் பலவற்றில் வெளித்தகட்டுக்குள் மரச்சட்டம் உண்டு. தகடு நன்றாகத் தோன்றினாலும் உள்ளே மரம் உளுத்துப் போயிருக்கலாம். அவ்வாறாயின் கதவுகள் தொங்கிவிடும். தகட்டை மட்டும் நிமிர்த்தினால் பயனில்லை. மரத்துண்டு ஒவ்வொன்றையும் பழைய அளவிலேயே புதிதாகச் செய்து பொருத்த வேண்டும்.
* கூரை: பெரிய எஃகுத் தகட்டை ஒரே துண்டாக அழுத்தி வடிக்கும் வசதி பரவும் வரை, கூரையின் நடுப்பகுதி துணியாலும் நீர்புகா உறையாலும் மூடப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1935 மாதிரிகளில் முழு எஃகுக் கூரையை அறிமுகப்படுத்தியது. அதற்கு முந்தைய வண்டிக்கு எஃகுக் கூரை இட்டால் அது வேறொரு வண்டியாகிவிடும்.
* வண்ணம்: தொடக்கத்தில் தூரிகையால் பல படலங்களாகப் பூசப்பட்ட மெருகெண்ணெய் காய்வதற்கு வாரக்கணக்கில் ஆயிற்று. 1920களின் நடுவில் விரைவில் காயும் நைட்ரோசெல்லுலோசு வண்ணங்கள் பரவின. இரண்டும் ஒளியை வேறுவிதமாகக் காட்டுவன.
* முலாம்: 1920களின் பிற்பகுதி வரை விளக்குகளுக்கும் ரேடியேட்டர் ஓட்டுக்கும் நிக்கல் முலாமே பூசப்பட்டது. பின்னரே குரோமிய முலாம் வழக்கத்துக்கு வந்தது. நிக்கல் சற்று மஞ்சள் சாயலும் மென்மையும் உடையது. குரோமியம் நீலச் சாயலுடன் கண்ணைப் பறிப்பது. பழைய வண்டிக்குக் குரோமியம் பூசுவது மீளமைப்பில் அடிக்கடி நேரும் பிழை.

ஹாரா பெருமளவில் திரட்டிய ஃபிராங்கிளின் வண்டிகள் இவ்வகையில் தனிக்கவனம் வேண்டியவை. நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் 1902 முதல் 1934 வரை செய்யப்பட்ட இவற்றின் எந்திரம் தண்ணீரால் அன்றிக் காற்றால் குளிர்விக்கப்பட்டது. 1920களின் பிற்பகுதி வரை இவற்றின் அடிச்சட்டமும் மரத்தால் ஆனது. பிற கார்களில் பெற்ற பழக்கத்தைக் கொண்டு ஃபிராங்கிளினைப் பழுதுபார்ப்பவர் எளிதில் வழிதவறுவார். பழுதுபார்ப்பு நூலும் பழைய பட்டியலும் கைவசம் இருப்பது இங்கே கட்டாயத் தேவையாகிறது.

குறிப்பிடத்தக்க வண்டிகள்

தாமஸ் ஃபிளையர்

ஹாராவின் கொள்கைக்குக் கடினமான சோதனையாக அமைந்தது 1907 ஆம் ஆண்டைச் சேர்ந்த தாமஸ் ஃபிளையர் ஆகும். பஃபலோ நகரின் ஈ. ஆர். தாமஸ் நிறுவனம் செய்த இந்தத் திறந்த கார், 1908 இல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு நடந்த போட்டியில் அமெரிக்காவின் சார்பில் கலந்துகொண்டது. பிப்ரவரி 12 அன்று புறப்பட்ட ஆறு கார்களில் மூன்று பிரான்சையும், மற்றவை செருமனி, இத்தாலி, அமெரிக்கா ஆகியவற்றையும் சேர்ந்தவை. செருமனியின் புரோட்டோஸ் வண்டி நான்கு நாட்கள் முன்னதாக பாரிசை அடைந்தது. ஆனால் அதற்கு 30 நாட்கள் தண்டனையாகக் கூட்டப்பட்டதால், ஜூலை 30 அன்று வந்த தாமஸ் ஃபிளையரே வென்றது. இவ்வண்டியின் குழுவில் தொடக்கம் முதல் முடிவு வரை பயணம் செய்தவர் ஜார்ஜ் சுஸ்டர் ஆவார்.

வெற்றிக்குப் பின் தாமஸ் நிறுவனம் நலிந்தது; வண்டியும் கைமாறிச் சிதைந்தது. ஹென்றி ஆஸ்டின் கிளார்க் என்னும் சேகரிப்பாளரிடமிருந்து 1964 இல் ஹாரா அதை வாங்கினார். இது உண்மையிலேயே போட்டியில் ஓடிய வண்டிதானா என்ற ஐயம் இருந்தது. அதே மாதிரியைச் சேர்ந்த வேறொரு வண்டியாக இருந்தால், எவ்வளவு செலவிட்டு மீளமைத்தாலும் அதற்கு வரலாற்று மதிப்பு இராது. அப்போது தொண்ணூறு வயதைக் கடந்திருந்த சுஸ்டர் ரீனோவுக்கு அழைக்கப்பட்டார். வண்டியைப் பிரித்தபோது, பயணத்தின் நடுவே செய்த பழுதுபார்ப்புகளின் தடயங்களைக் கண்டு இது தாம் ஓட்டிய வண்டியே என்று அவர் உறுதிப்படுத்தினார். பளபளக்கும் பூச்சு எதையும்விட அந்தப் பழுதுகளே மதிப்புமிக்க சான்றாயின.

அதன்பின் ஹாரா எடுத்த முடிவு குறிப்பிடத்தக்கது. வழக்கமான முறைப்படி இவ்வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்குக் கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அவ்வாறு செய்தால் அதன் வரலாறு அழிந்துவிடும். எனவே அது பாரிசை அடைந்த நாளில் இருந்த தோற்றத்துக்கே, நெடும்பயணத்தின் தேய்வுடன், மீளமைக்கப்பட்டது. தூய்மையில் கண்டிப்பான ஒருவர் அழுக்கேறிய தோற்றத்தைத் தேர்ந்தது, சரியான வடிவம் எது என்பதை வண்டியின் வரலாறே முடிவு செய்ய வேண்டும் என்று அவர் கருதியதைக் காட்டுகிறது.

ஃபாண்டம் கோர்செர்

ஹைன்ஸ் உணவு நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ரஸ்ட் ஹைன்ஸ் வடிவமைத்த இந்தக் கார் 1938 இல் உருவானது. கோர்டு 810 வண்டியின் அடிச்சட்டத்தின் மீது கட்டப்பட்டது. அடுத்த ஆண்டே ஹைன்ஸ் இறந்ததால் ஒன்றே ஒன்று மட்டும் செய்யப்பட்டது. 1950களில் நகைச்சுவை நடிகர் ஹெர்ப் ஷ்ரைனரிடம் இருந்தபோது இதன் தோற்றம் மாற்றப்பட்டது. ஹாரா வாங்கிய பின் அம்மாற்றங்கள் நீக்கப்பட்டு மூல வடிவம் மீட்கப்பட்டது.

பிற வண்டிகள்

ஆறு மட்டுமே செய்யப்பட்ட புகாட்டி ரோயால் கார்களில் இரண்டு ஹாராவிடம் இருந்தன. பக்மின்ஸ்டர் ஃபுல்லர் வடிவமைத்த மூன்று டைமாக்சியான் கார்களில் எஞ்சிய ஒரே வண்டியும் சேகரிப்பில் இடம்பெற்றது. ஆனால் அதன் வெளிப்புறம் மட்டுமே சீராக்கப்பட்டது; சிதைந்த உட்புறம் தெரியாதவாறு கண்ணாடிகள் மீது வண்ணம் பூசப்பட்டது. எல்லா வண்டிகளுக்கும் ஒரே அளவிலான மீளமைப்பு நடைபெறவில்லை என்பதற்கு இது சான்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில் பல, தம் முறைக்காகக் காத்திருந்த நிலையிலேயே இருந்தன.

தனி வாழ்க்கை

ஹாரா ஏழு முறை திருமணம் செய்துகொண்டார். அவற்றில் இரண்டு ஒரே பெண்மணியுடன் நடந்தவை. பாடகி பாபி ஜென்ட்ரியை 1969 டிசம்பரில் மணந்தார். அம்மணம் சில மாதங்களிலேயே முறிந்தது. தத்தெடுத்த இரு மகன்கள் இவருக்கு இருந்தனர்.

இறப்பும் சேகரிப்பின் பிரிவும்

ஹாரா மகாதமனி வீக்கத்திற்காக மினசோட்டா மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு உட்பட்டபோது 1978 ஜூன் 30 அன்று காலமானார். அப்போது அவருக்கு வயது 66.

சேகரிப்பை நிலையாகக் காப்பதற்கான ஏற்பாடு எதையும் ஹாரா விட்டுச் செல்லவில்லை. வண்டியின் ஒவ்வொரு திருகுக்கும் சான்று தேடியவர், அந்த வண்டிகளின் எதிர்காலத்துக்கு ஆவணம் எழுதாமல் மறைந்தது பின்னர் பெரும் சிக்கலானது. 1980 இல் ஹாலிடே இன் நிறுவனம் ஏறத்தாழ 30 கோடி டாலருக்கு ஹாராஸ் நிறுவனத்தை வாங்கியது. சூதாட்டக்கூடங்களுடன் கார்களும் அதன் உடைமையாயின. சேகரிப்பை விற்கும் எண்ணம் வெளிப்பட்டபோது நெவாடா மக்களிடமும் சேகரிப்பாளர்களிடமும் எதிர்ப்பு எழுந்தது. ஆண்டு வரிசையில் சேர்க்கப்பட்ட வண்டிகள் சிதறினால், அவற்றை ஒப்பிட்டு ஆராயும் வாய்ப்பே மறைந்துவிடும் என்பது அவர்கள் கவலை.

இதன் விளைவாக இலாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்று அமைக்கப்பட்டு, 175 வண்டிகளும் ஆய்வு நூலகமும் அதற்குக் கொடையாக அளிக்கப்பட்டன. மீதமிருந்தவற்றின் பெரும்பகுதி 1984, 1985, 1986 ஆண்டுகளில் ஏலம் விடப்பட்டது. 1986 ஏலத்தில் புகாட்டி ரோயால்களில் ஒன்று 65 இலட்சம் டாலருக்கு விற்றது. உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் இந்த ஏலங்களில் வண்டிகளை வாங்கினர். ஒரு வண்டி முன்பு ஹாராவிடம் இருந்தது என்பதைச் சேகரிப்பாளர்கள் அதன் வரலாற்றில் சேர்த்துக் குறிப்பிடுகின்றனர்.

தேசிய தானுந்து அருங்காட்சியகம்

கொடையாகக் கிடைத்த வண்டிகளைக் கொண்டு தேசிய தானுந்து அருங்காட்சியகம் 1989 நவம்பரில் ரீனோவில் திறக்கப்பட்டது. தாமஸ் ஃபிளையர், ஃபாண்டம் கோர்செர், டைமாக்சியான் ஆகியவை இங்கே வைக்கப்பட்டன. டைமாக்சியான் காரின் உட்புறம் பின்னர், கட்டடக்கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் தம்முடைய புதிய படி ஒன்றைச் செய்வதற்காக அதைக் கடனாகப் பெற்றபோது, சீரமைக்கப்பட்டது. ஹாராவின் காலத்தில் நிறைவுறாத வேலை, அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் கழிந்து இவ்வாறு முடிவுற்றது.

ஹாராஸ் நிறுவனம் பல கைமாறி 2010 இல் சீசர்ஸ் என்டர்டெயின்மென்ட் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. ரீனோவிலிருந்த ஹாராஸ் சூதாட்டக்கூடம் 2020 இல் மூடப்பட்டது. அவருக்குச் செல்வம் ஈட்டித்தந்த அக்கூடத்தைவிட, பொழுதுபோக்காகத் தொடங்கிய கார்களே அந்நகரில் நீடித்து நிற்கின்றன.

மதிப்பீடு

பழைய கார்களைச் சேர்ப்பவர்கள் ஹாராவுக்கு முன்பும் இருந்தனர். ஆனால் நூலகம், தனித்தொழிலாளர், ஒழுங்கான பதிவு ஆகியவற்றைக் கொண்டு மீளமைப்பை ஆய்வுத் துறையைப் போல நடத்தியது அவருடைய பங்களிப்பு ஆகும். புதிதாக இருந்தபோதைவிட மிகுதியாகப் பளபளக்கும் மீளமைப்பு சரியானதா, அல்லது வண்டியில் எஞ்சிய பழைய பூச்சையும் தேய்வையும் அப்படியே காப்பது சரியானதா என்ற விவாதம் சேகரிப்பாளர்களிடையே தொடர்கிறது. தாமஸ் ஃபிளையரில் ஹாரா எடுத்த முடிவு இவ்விவாதத்தில் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். அவ்வாறே, சேகரிப்பு எவ்வளவு பெரிதாயினும் அதைக் காக்கும் அமைப்பு உயிருடன் இருக்கும்போதே உருவாக்கப்பட வேண்டும் என்பதற்கு அவருடைய சேகரிப்பின் முடிவு எச்சரிக்கையாக உள்ளது.